குட்டிங்க கொஞ்சம் பெருசாகட்டும்

— ஐயே, மறுபடியும் மீனா? பிரேம்நாத், நான் வீடு காலி பண்றதப் பத்திப் பேசறேன். நீ மீனப் பத்திப் பேசறே!

— ரெண்டும் ஒண்ணுதான் பாயம்மா. வீட்டக் காலி பண்ணணும்னா தொட்டியக் காலி பண்ணணும். தொட்டியத் தூக்கணும்னா குட்டிங்களத் தூக்கணும். அதுங்க இப்ப தாங்காது.

— போன மாசமும் இதையேதான் சொன்னே. குட்டிங்க கொஞ்சம் பெருசாகட்டும், பெருசாகட்டும்னு.

— போன மாசம் வெறும் கண்ணு மட்டும்தான் தெரிஞ்சிது. இப்ப வாலும் தெரியுது. உள்ள வந்து பாருங்களேன்.

— எனக்கு எதுக்குடா உன் மீனோட வாலு? வீட்டு ஓனர் வாசப்படியில நின்னு கெஞ்சறேன், குடித்தனக்காரன் உள்ள வந்து வாலப் பாருங்கறான். யா அல்லா, இந்த முட்டி வலியோட மாடி ஏறி வந்தது இதுக்குத்தானா?

— மொதல்ல உக்காருங்க பாயம்மா. அந்தச் சேர்ல வேணாம், தண்ணி பக்கெட்டு இருக்கு.

— இதுல?

— அதுல முட்ட இருக்கு.

— சேர்ல எதுக்கு முட்ட?

— வேக வச்சது, ஆறணும். மஞ்சக்கருவ மட்டும் வெள்ளத் துணியில கட்டித் தண்ணியில பிழிஞ்சா தூளா கரையும். குட்டிங்களுக்கு அதுதான் தீனி. வாய் குண்டூசி முனை மாதிரி இருக்கும், பெரிய மீனுங்க தீனியக் கடிக்க முடியாது. அதுலயும் ஜாஸ்தி போட்டா தண்ணி நாறிடும். கம்மியா போட்டா வயிறு ஒட்டிடும்.

— வெள்ளக்கரு?

— நான்தான் சாப்பிடறேன். பாக்யா இப்பல்லாம் முட்டையப் பாத்தாலே எழுந்து போயிடறா.

— போகாம? அவ எங்கே? அவகிட்ட பேசினாலாவது அர்த்தம் இருக்கும்.

— கம்பெனியில. ஞாயித்துக்கிழமையும் ஓ.டி. ஷூ ஷிப்மென்ட் போவுதாம், லைன்ல எல்லாரும் வரணும்னு சொல்லிட்டாங்க. வர்ற நேரம்தான்.

— பொண்டாட்டி லீவு நாள்லயும் கம்பெனிக்குப் போயி தையல் மெஷின்ல உக்காந்திருக்கா. நீ இங்க மீனுக்கு சோறு ஊட்டிட்டு இருக்கே. நல்லா இருக்கு குடும்பம். சரி, கீழ என் ரூம் செவுரப் பாத்தியா? நமாஸ் பண்ற எடத்துக்கு மேல தண்ணி எறங்கி, ஆந்திரா மேப்பு மாதிரி கறை. பெருசாயிட்டே வருது.

— அது வந்து பாயம்மா, தண்ணி மாத்தும்போது ட்யூபு நழுவிடுச்சு. நானே வந்து சுண்ணாம்பு அடிச்சுத் தர்றேன்.

— நீ அடிக்க வேணாம். நீ போ. அது போதும் எனக்கு. ஒவைஸ் பெங்களூருலேர்ந்து தெனம் போன் பண்றான். "அம்மி, மேல் வீடு காலியாச்சா, அம்மி, மேல் வீடு காலியாச்சா?" பெத்த புள்ளைக்கு தெனம் ஒரு பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேஞ்சு போச்சு.

— போக மாட்டேன்னு நான் சொல்லவே இல்லியே. துத்திப்பட்டுல வீடு பாத்தாச்சு. பாக்யா கம்பெனிக்கு நடந்தே போயிடலாம். மாடிகூட இல்ல, தரைதான்.

— பின்ன இன்னா உனக்கு?

— தண்ணி.

— ஏன், அங்க தண்ணி வராதா?

— வருது. நல்ல தண்ணி.

— நல்ல தண்ணி வந்தா நல்லதுதானே?

— இந்த மோலி மீனுக்கு நல்லதில்ல பாயம்மா. மோலிக்கு உப்பு வேணும். நம்ம போர் தண்ணி இருக்குல்ல, தலைக்கு ஊத்தினா முடி சிக்காவுது, சோறு வச்சா பழுப்பாவுது, பக்கெட்டு பூரா வெள்ளையா படிஞ்சு கெடக்குது. இதுங்களுக்கு அதுதான் அமிர்தம். நானும் எத்தினி பேரு வீட்டுலயோ பாத்துட்டேன், இந்த மாதிரி மோலி எங்கயும் கொழுகொழுன்னு இல்ல.

— என் வீட்டுத் தண்ணிய நல்லா இருக்குன்னு சொன்ன மொத ஆளு நீதான். உனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் இந்தத் தண்ணிக்குப் பயந்துதான் ஓடினாங்க.

— பெரிய மீனுன்னா அந்தத் தண்ணியக் கொஞ்சம், இந்தத் தண்ணியக் கொஞ்சம்னு கலந்து பழக்கிடலாம். குட்டிங்கள அப்படிப் பண்ண முடியாது. தண்ணி மாறின அடுத்த நாளே மெதக்கும். எனக்கு ஒரு தடவ அப்படித்தான் ஆச்சு. அதுக்கு முந்தின தடவ ஃபில்டர் இழுத்துடுச்சு. அதுக்கும் முந்தி பெருசுங்களே தின்னுடுச்சு. இந்தத் தடவதான் தங்கியிருக்கு பாயம்மா. அந்த பிரியாணி பக்கெட்டுல பாருங்க, எல்லாம் உசுரோட இருக்கு.

— இது எங்க சொந்தக்காரப் பொண்ணு ரிஹானா கல்யாண பிரியாணி வந்த பக்கெட்டு இல்ல? நல்ல பக்கெட்டுன்னு நான்தானே கழுவிக் குடுத்தேன்?

— அதேதான். வெள்ள பக்கெட்டா இருக்கறதால குட்டிங்க தெளிவா தெரியுது.

— பேஜாரு. பெரிய பேஜாரு உன்னோட. இங்க பாரு, கடைசியா சொல்றேன். மீனு, தண்ணி, முட்ட, எதையும் நான் கேக்க மாட்டேன். இந்த வாரத்துக்குள்ள—

— பாயம்மா, ஒரு நிமிஷம்.

— பேச விடுடா!

— அசையாதீங்க. அங்கயே நில்லுங்க.

— இன்னா, பல்லியா?

— கறுப்பி போடுது.

— எது போடுது? இன்னா போடுது?

— கறுப்பு மோலி. குட்டி போடுது. அந்தப் பாசிக்குக் கீழ பாருங்க. தெரியுதா?

— மீனு முட்டதானே போடும்? என்ன ஏமாத்தறியா?

— இது முட்ட போடற ஜாதியில்ல. உசுரோட குட்டியா போடும். வயித்துக்கு அடியில பாருங்க.

— இருட்டுத் தொட்டி, கறுப்பு மீனு, எனக்கு ஒண்ணும்... ஐயே! ஐயே பிரேம்நாத், வருது! சுருட்டி வச்ச நூலு மாதிரி வருது!

— விரியும், பாருங்க.

— விரிஞ்சிடுச்சு! நீந்துதே! பொறந்த உடனே நீந்துது பாருடா!

— பாயம்மா, அந்த மேசை மேல டீ வடிகட்டி இருக்கு, குடுங்க. சீக்கிரம்.

— டீ வடிகட்டியில மீனா? போன வாரம் எனக்கு டீ குடுத்தியே, இதுலயா வடிகட்டினே?

— இல்ல, அது வேற.

— சத்தியமா?

— வடிகட்டி பாயம்மா!

— இந்தா. கத்தாதே. எங்க போச்சு அந்தக் குட்டி? இப்ப இங்கதானே... ஐயே! தின்னுடுச்சு! அந்த அம்மாக்காரியே தின்னுடுச்சுடா!

— அதான் பிரிக்கணும்னு அடிச்சுக்கறேன். அதுக்குத் தெரியாது பாயம்மா, தன் புள்ளன்னு. வாய்க்கு முன்னாடி ஆடினா தீனிதான்.

— சீ. இது இன்னா பொறப்பு! பெத்த வலிகூட இன்னும் போயிருக்காது.

— என் போன எடுத்து டார்ச் அடிங்க. மேலேர்ந்து இல்ல, பக்கத்துலேர்ந்து. கை ஆடாம.

— இந்த வயசுல கை ஆடாம புடிக்கணும்னா நான் இன்னா கம்பமா? அதோ, அந்தக் கல்லுக்குப் பின்னால ஒண்ணு.

— எங்கே?

— உன் சோத்துக் கை பக்கம். அங்க இல்ல, கீழ. கீழடா! ஐயே, கண்ணு இருக்கா இல்லியா உனக்கு? குடு இப்படி வடிகட்டிய.

— பாயம்மா மெதுவா, தண்ணிய கலக்காதீங்க, குட்டி பயந்து—

— நீ சும்மா இரு. புள்ள பெத்து வளத்தவ நான், உன் முட்டக்கரு வித்தையெல்லாம் எங்கிட்ட வேணாம். கீழேர்ந்து மெதுவா தூக்கணும். வா, வா கண்ணு, வா. வந்துட்டான் பாத்தியா! இவன எங்க விடறது?

— அந்த ஊறுகா பாட்டில்ல. அதே தொட்டித் தண்ணிதான் ஊத்தி வச்சிருக்கேன்.

— எறங்கு. போ. அந்தப் பேய்கிட்டேர்ந்து தப்பிச்சுட்டே. அடுத்தது எங்கடா?

— கதவு தொறந்து கெடக்குது. கேட்டுக்கு வெளிய வரைக்கும் சத்தம் கேக்குது. ஏங்க, இங்க இன்னா... பாயம்மா? தொட்டிக்குள்ள கைய விட்டுட்டு நீங்க இன்னா பண்றீங்க?

— பேசாத பாக்யலட்சுமி, ஒண்ணு மாட்டற நேரம்.

— அது என் டீ வடிகட்டி!

— அதைத்தான் நானும் உன் புருஷன கேட்டேன். வேறன்னு சொன்னான்.

— வேறயா? நம்ம வீட்டுல வடிகட்டியே ஒண்ணுதான்.

— பிரேம்நாத்!

— கழுவிட்டுத்தான் பாயம்மா போட்டேன். வெந்நீர்ல கழுவினேன்.

— கழுவினாராம். காலையில வேன் புடிச்சுப் போனேன். ஷூவோட மேல் தோலு, அப்பர் தையல் ஒரு நூலு கோணினாக்கூட ரிஜெக்ட்டு, டார்கெட் முடியற வரைக்கும் தண்ணி குடிக்க எந்திரிக்கல. வீட்டுக்கு வந்து ஒரு டீ போட்டுக் குடிக்கலாம்னா வடிகட்டியில மீனு. இட்லி ஊத்தலாம்னு குண்டானத் தொறந்தா அதுலயும் மீனு. பாயம்மா, என் அரிசி ஊற வைக்கற பாத்திரத்துல இப்ப பாசி வளருது, தெரியுமா உங்களுக்கு?

— பாக்யா, அது பாசி கலந்த பச்சத் தண்ணி. குட்டிங்களுக்கு ரொம்ப நல்லதுன்னு—

— நீங்க பேசாதீங்க. இது யாரு, கறுப்பியா? மறுபடியும் போடுதா? இதானே போன மாசமும் போட்டுது?

— பாக்யா, நீ போயி மூஞ்சி கழுவிட்டு வாயேன்.

— இரு பாக்யலட்சுமி. போன மாசம் போட்டது வேற மீனு இல்ல?

— வேற மீனு ஏது பாயம்மா? இதேதான். மாசா மாசம் போடும். பக்கத்துல ஆம்பள மீனே இல்லன்னாலும் போடும். ஒரு தடவ சேந்தா வயித்துக்குள்ளயே சேத்து வச்சுக்கிட்டு அப்பப்ப போடுமாம். இவருதான் யூட்யூப்ல காட்டினாரு எனக்கு.

— மாசா மாசமா?

— ஆமா.

— அப்போ இந்தக் குட்டி பெருசாகறதுக்குள்ள அடுத்த குட்டி வந்துடும்.

— வந்துடும்.

— அது பெருசாகறதுக்குள்ள அதுக்கடுத்தது.

— அதுக்குள்ள இந்தக் குட்டிங்களே போட ஆரம்பிச்சுடும் பாயம்மா.

— பிரேம்நாத்.

— பாயம்மா...

— நீ எப்பதான் காலி பண்றதா இருந்தே? நான் செத்து என் மய்யத்து போன அப்புறமா?

— சத்தியமா ஏமாத்தணும்னு இல்ல பாயம்மா. அந்த பக்கெட்டுல இருக்கறத மட்டும் காப்பாத்திட்டா போதும்னுதான் இருந்தேன். கறுப்பி இவ்ளோ சீக்கிரமா திரும்பப் போடும்னு நான் எதிர்பாக்கல. நாளெல்லாம் தோல் கிரேடிங்ல நிக்கறேன். இதுல பூச்சிக் கடி, இதுல முள்ளு கீறல், இது தேறாதுன்னு தள்ளித் தள்ளி வச்சுட்டு வர்றேன். இங்க வந்தா ஒண்ணாவது தேறுதான்னு பாக்கறேன். அவ்ளோதான்.

— இவருக்கு தேறணும்னா எனக்கு எடம் வேணாமா? துத்திப்பட்டு வீட்டுக்காரரு இன்னிக்கு கம்பெனி கேட்டாண்டையே வந்து நின்னாரு. "வர்றீங்களா இல்லியாம்மா, வேற ஆளுக்கு விட்டுடட்டுமா?"ன்னு கேட்டாரு. கூட வேல செய்றவங்க முன்னாடி எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

— கேக்கறான் இல்ல? நல்லா கேக்கட்டும். உறைக்கட்டும் உன் புருஷனுக்கு.

— உங்களையும்தான் பாயம்மா கேக்கணும். நீங்க வெள்ளையடிக்கணும், மராமத்து பண்ணணும்னுதானே எங்கள போகச் சொன்னீங்க? டீக்கடையில புரோக்கர் பஞ்சாட்சரம் வேற கத சொல்றாரு. பாயம்மா வீடு வெலைக்கு வந்திருக்கு, மேலயும் கீழயும் சேத்து ஒரே பார்ட்டிக்குப் போவுதுன்னு. இத்தினி வருஷம் இருந்திருக்கோம், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

— வீட்ட விக்கறீங்களா பாயம்மா?

— ஒவைஸ் விக்கறான்.

— வீடு உங்க பேர்லதானே இருக்கு? நீங்கதானே சொன்னீங்க, உங்க வீட்டுக்காரரு இருக்கும்போதே எழுதி வச்சாருன்னு?

— என் பேர்லதான். பேரு இருந்தா? பெத்த புள்ள வந்து, "அம்மி, நீங்க ஆம்பூர்ல தனியா இருக்கறீங்க, எனக்கு தூக்கம் வர்ல"ன்னு சொன்னா, நான் பேரு காட்டிச் சண்ட போடவா? பெங்களூர்ல பதினோராவது மாடியாம். லிஃப்ட்டு இருக்கு, முட்டி வலிக்காது. எனக்குன்னு தனி ரூமு, ஏ.சி., டி.வி. ராணி மாதிரி வச்சுப்பான்.

— நல்லதுதானே பாயம்மா.

— நல்லதுதான். யாரு இல்லன்னாங்க? மருமக அஃப்ரோஸும் தங்கமான பொண்ணு. ஒரு வேல செய்ய விட மாட்டா. போன ரம்ஜானுக்குப் போனேன். சமையல்ரூம் பக்கம் போனா, "அம்மி, நீங்க ரெஸ்ட் எடுங்க." பால்கனிக்குப் போனா, "அம்மி, காத்து ஜாஸ்தியா இருக்கு, உள்ள வாங்க." காலையில புருஷன் பொண்டாட்டி வேலைக்கு, பசங்க ஸ்கூலுக்கு. சாவி என் கையிலயும் குடுத்துட்டுத்தான் போறாங்க, தப்பு சொல்லக் கூடாது. சாவிய வச்சுக்கிட்டு நான் எங்க போறது? எதுத்த வீட்டுல யாரு இருக்காங்கன்னே தெரியல. எல்லா கதவும் ஒரே மாதிரி. இங்க உன் புருஷன் மேல நடந்தா எந்த ரூமுல நடக்கறான்னு எனக்குக் கீழேர்ந்தே தெரியும்.

— சத்தம் ஜாஸ்தின்னு கரண்டியால சீலிங்க தட்டுவீங்களே பாயம்மா?

— தட்டறதுக்கு ஒரு சத்தம் வேணாமாடா?

— இத ஒவைஸ் அண்ணங்கிட்ட சொன்னீங்களா?

— அவன் இத எங்க கேட்டான்? "சந்தோஷந்தானே அம்மி?"ன்னு கேட்டான். அப்படிக் கேக்கற புள்ளகிட்ட இல்லன்னு சொல்ல வாய் வருமா, நீயே சொல்லு பாக்யலட்சுமி. ஆமான்னு சொன்னேன். அன்னிக்கே பஞ்சாட்சரத்துக்கு போன் போட்டுட்டான்.

— பாயம்மா, அதோ, அந்த ட்யூபுக்குப் பக்கத்துல ஒண்ணு!

— எங்க? டார்ச்ச இப்படித் திருப்பு. ஐயே, இது ரொம்பச் சின்னதா இருக்கே. நீந்தவே தெரியல இதுக்கு.

— கடைசியா வர்றது சில சமயம் அப்படித்தான் இருக்கும். அது தேறாது பாயம்மா, விட்டுடுங்க. மத்தத எடுங்க.

— தேறாதுன்னு நீ யாரு சொல்றதுக்கு? இது இன்னா உன் கம்பெனி தோலா? பாக்யலட்சுமி, அந்தப் பாட்டில கிட்ட கொண்டா. இன்னும் கிட்ட.

— கொண்டாந்தேன். விடுங்க. ஐயோ பாவம், அடியில போயி ஒக்காந்துடுச்சு பாயம்மா.

— ஒக்காரட்டும். மூச்சு வாங்கட்டும். அவசரப்படுத்தாதே அத.

— பாயம்மா, உங்க போனு அடிக்குது. பஞ்சாட்சரம்னு வருது.

— அடிக்கட்டும்.

— எடுத்துப் பேசிடுங்க. இல்லன்னா நேரா ஒவைஸ் அண்ணனுக்கு அடிப்பாரு.

— கை ஈரமா இருக்கு. நீயே எடுத்து ஸ்பீக்கர்ல போடு, பிரேம்நாத்.

— அம்மா வணக்கம், பஞ்சாட்சரம் பேசறேன். பார்ட்டி நாளைக்குக் காலையில வர்றாங்க. பேரணாம்பட்டு ஆளுங்க, நல்ல மனுஷங்க. ஒவைஸ் சார்கிட்ட எல்லாம் பேசி முடிச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான், குடித்தனம் இருந்தா அவங்க உள்ளயே நொழைய மாட்டாங்க. வீடு காலியாத்தானே இருக்கு?... அம்மா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— காலிதானேம்மா?

— பாயம்மா, நாங்க போயிடறோம்னு சொல்லுங்க. நெசமாத்தான் சொல்றேன். எங்களால உங்களுக்கும் உங்க புள்ளைக்கும் நடுவுல பேச்சு வேணாம். இந்த வாரமே போயிடறோம், மீனுங்கள நான் பாத்துக்கறேன்.

— சும்மா இரு பாக்யலட்சுமி. பாட்டில ஆட்டாம புடி.

— அம்மா, இன்னா சொல்றீங்க? சரியா கேக்கல.

— கேட்டுக்கோ பஞ்சாட்சரம். பார்ட்டிய வர வேணாம்னு சொல்லிடு. ஒவைஸ்கிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நானே பேசறேன். இங்க காலி வீடு எதுவும் இல்ல. மேலயும் ஆளு இருக்காங்க, கீழயும் ஆளு இருக்கு.